அடக்கம் செய்ய மறந்த ஆலிஸ்

கனடாவிலிருந்து வரும் ஐரீனின் சொந்தக்காரி சனிக்கிழமை மதிய ரயிலில் வந்து இறங்கப் போகிறாள். அவள் ஐரீனுக்குச் சொந்தமே இல்லை என்பது நெவில் டக்ஸ்பரிக்கு வியாழக்கிழமைதான் தெரிந்தது.

தெரிந்த இடம் ஆர்க்கன்ஷா ஊர் நூலகத்தின் மூலையில் இருந்த மைக்ரோஃபிலிம் இயந்திரம். வேறு யாருக்காகவோ, வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தார். புனித லூக்கா ஆலயத்தின் பழைய அடக்கப் பதிவு திரையில் நகர்ந்துகொண்டிருந்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. ஆலிஸ், நெசவாளி ஜான் ஹிண்டிலின் மகள், வயது இரண்டு.

நெவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். குழந்தை மறுபடியும் இறந்தே கிடந்தது.

பேருந்துப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் நெவில். அடுத்தவர் பயணச்சீட்டைச் சந்தேகப்பட்டே தலை நரைத்தவர். இப்போது புதன்கிழமைதோறும் ஆலயக் கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, முன்னோரைத் தேடி வருகிறவர்களுக்கு உதவுகிறார். புதிதாக வருகிற யாருக்கும் அவர் சொல்லும் முதல் பாடம் ஒன்றுதான்: ஞானஸ்நானப் பதிவில் ஒரு பெயர் கிடைத்தால் துள்ளிக் குதிக்காதீர்கள், முதலில் அந்தக் குழந்தை அடக்கப் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். பஞ்சாலை ஊர் அது. நிலவறை வீடுகளில் பிறந்த குழந்தைகளில் பாதி நடக்கப் பழகுவதற்குள் போய்விட்டன. இறந்த குழந்தைக்குப் பேரப் பிள்ளைகளைக் கட்டிவிடுவதுதான் இந்தத் தொழிலில் பெரிய அசிங்கம்.

அந்த அசிங்கத்தைத்தான் நெவில் செய்திருந்தார். அதுவும் ஐரீனுக்கு.

பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் ஐரீன். கணவர் இல்லை, பிள்ளை இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. முதல் நாள் மேசைக்கு வந்தபோது ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல், "எனக்குன்னு யாராவது இருக்காங்களான்னு பாருப்பா. செத்தவங்களா இருந்தாலும் பரவால்ல" என்றாள். அந்த நிமிடமே நெவிலின் மூளை பாதி வேலையை நிறுத்திவிட்டது. யாரையாவது கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரம். அவளுடைய கொள்ளுப்பாட்டி ஆலிஸ் ஹிண்டில்; திருமணப் பதிவில் தகப்பன் பெயர் ஜான், நெசவாளி. நெசவாளி ஜான் ஹிண்டில்கள் அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். நெவில் ஒருவரைப் பிடித்தார். அந்த ஜானுக்கு ஆலிஸ் என்று ஒரு மகள், வில்லியம் என்று ஒரு மகன். வில்லியம் கனடாவுக்குப் போனவன். அதே மாதம் அவன் வழிவந்த கிளெனிஸ் என்ற பெண்மணி கனடாவின் ஒண்டாரியோவிலிருந்து தன் முன்னோரைப் பற்றி எழுதிக் கேட்டிருந்தாள். நெவில் இரண்டு பேரையும் ஒரு கோட்டில் இணைத்தார். தனக்குத் தானே ஒரு டீயும் வாங்கிக் கொடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஐரீனும் கிளெனிஸும் தொலைபேசியில் பேசினார்கள். ஐரீன் பின்னறைக்குப் புதிதாகச் சுவர்த்தாள் ஒட்டினாள். மீன் வறுவல் கடையில் வரிசையில் நிற்பவர்களிடமெல்லாம் "எங்க கிளெனிஸ்" என்றாள்.

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. அந்தக் காலத்தில் குழந்தை இறந்தால் அடுத்த குழந்தைக்கு அதே பெயரை வைத்துவிடுவார்கள். இந்த ஜானும் அப்படி இன்னொரு ஆலிஸைப் பெற்றிருந்தால்? நெவில் ஞானஸ்நானப் பதிவை நூலகம் மூடும்வரை உருட்டினார். இல்லை. ஒருவேளை குழந்தை போன கோபத்தில் ஆலயத்தை விட்டு மெதடிஸ்ட் பிரிவின் சேப்பலுக்குப் போயிருப்பார்களோ? மழையோடு மழையாக, சேப்பல்காரர் வில்ஃப் ஆஸ்பினாலின் கதவைத் தட்டினார். மெதடிஸ்ட் சேப்பல் பதிவுகளின் நகல் வில்ஃபின் அலமாரியில்தான் இருந்தது.

"அடேயப்பா! சர்ச்சுக்காரன் என் வாசல்ல நிக்கிறான். உலகம் அழியப் போகுதா?" என்றார் வில்ஃப்.

"நாளன்னிக்கு மதியம் அழியும். உள்ள விடுய்யா, நனையுறேன்."

விஷயத்தைக் கேட்டுவிட்டு வில்ஃப் சிரித்த சிரிப்பில் அவருடைய நாய் எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டது. சிரித்து முடித்துப் பொறுமையாகத் தேடினார்.

"இங்கயும் இல்ல நெவில். அது சரி, அம்மாக்காரி அப்புறம் உயிரோட இருந்தாளான்னு பார்த்தியா?"

நெவில் நாய் போன கதவைப் பார்த்தார்.

"பார்க்கல. ஒரே குடும்பத்துல ரெண்டாவது தடவை அடக்கப் பதிவப் பார்க்காம விட்டிருக்க. ஊருக்கெல்லாம் பாடம் எடுக்குற ஆளு! ஐரீன்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லும்போது நானும் வரேன். கரண்டி பறக்குறதப் பார்க்கணும்."

வெள்ளிக்கிழமை நூலகம் திறக்கும்போது நெவில் வாசலில் நின்றார். தேடவே வேண்டியிருக்கவில்லை. குழந்தைக்கு அடுத்த பக்கத்தில் தாய். அதற்கும் கீழே தகப்பன். அந்தக் குளிர்காலத்து விஷக்காய்ச்சல் வீட்டையே துடைத்துவிட்டு, வில்லியம் என்ற சிறுவனை மட்டும் விட்டுவைத்திருந்தது. இன்னொரு ஆலிஸுக்கு வழியே இல்லை.

அன்று மாலை ஐரீன் வீட்டுக்குப் போனார். அவள் உருளைக்கிழங்கை வில்லை வில்லையாக நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? கிளெனிஸுக்கு வெங்காயம் ஆகுமா, கேட்கவே இல்லையே."

"ஆகும்னு நினைக்கிறேன்" என்றார் நெவில். அது அவருக்கு எப்படித் தெரியும்? தெருமுனை வரை நடந்தார், திரும்பி வந்தார். "குடையை விட்டுட்டேன்." குடை கையில்தான் இருந்தது. ஐரீன் அதைச் சுட்டிக் காட்டினாள். மறுபடி போனார். இரவு படுக்கையில் புரண்ட புரளலில் போர்வை கட்டிலுக்கு அந்தப் பக்கம் குடியேறியது.

சனிக்கிழமை பெட்டி தூக்க அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனாள் ஐரீன். ரயில் தாமதம் என்றார்கள். உதட்டில் சாயமும் புது ஸ்கார்ஃபுமாக அவள் பள்ளிப் பிள்ளை மாதிரி நடைமேடை விளிம்பில் நின்று எட்டி எட்டிப் பார்த்தாள். நெவிலால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"ஐரீன், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"தெரியும். ரெண்டு நாளா மூஞ்சியே சொல்லுது. பெருசா, சின்னதா?"

சொன்னார். குழந்தை, தாய், தகப்பன், காய்ச்சல் எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஸ்கார்ஃபின் நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"அப்போ கிளெனிஸ் ஹிண்டில்தான்."

"ஆமா. அவங்க வழி சரி."

"என் வழிதான் இல்ல."

"இல்ல."

"பின்னறைக்கு நான் ஒட்டின சுவர்த்தாள்ல பூ இருக்கு, தெரியுமா? எனக்குப் பூவே பிடிக்காது. அவளுக்குப் பிடிக்கும்னு ஒட்டினேன்." மூக்கை உறிஞ்சினாள். "முட்டாள் பய."

"ஆமா. நான் வேணும்னா திங்கக்கிழமை அவங்ககிட்ட..."

"சாப்பாடு போட்டு, படுக்க வச்சு, அப்புறம் சொல்றதா? அத்தனை நாளும் அவ மூஞ்சியப் பார்த்து நான் பொய்யா சிரிக்கணுமா?"

அதற்குள் ரயில் வந்துவிட்டது. சிவப்பு மழைக்கோட்டில் நெட்டையாக ஒரு பெண்மணி இறங்கினாள். ஐரீனைப் பார்த்ததும் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

ஐரீன் ஓரடி பின்னால் போனாள். "கட்டிப் பிடிக்காத. முதல்ல கேளு. நீயும் நானும் சொந்தமில்ல. இந்த ஆளு செத்த குழந்தைய எனக்குக் கொள்ளுப்பாட்டியாக்கிட்டான். நீ ஹிண்டில்தான், உன் கல்லறையெல்லாம் இங்கதான் இருக்கு, பத்திரமா இருக்கு. எனக்குத்தான் ஒண்ணுமில்ல. சத்திரத்துல தங்குறதுன்னா கொண்டுபோய் விடுறேன், வருத்தமில்ல."

கிளெனிஸின் கைகள் கீழே இறங்கின. அவள் நெவிலைப் பார்த்தாள். நெவில் தன் காலணியைப் பார்த்தார். கார்டு விசில் ஊத, ரயில் கிளம்பிப் போயிற்று.

"நான் வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றாள் கிளெனிஸ். குரலில் கோபம் இருந்தது. "என் மகள் உனக்குன்னு ஒரு போர்வை பின்னிக் கொடுத்திருக்கா."

"மன்னிச்சுக்கோ."

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் யார்கிட்ட பேசிட்டிருந்தேன்?"

ஐரீன் யோசித்தாள். "எங்கிட்டதான்."

"என் புருஷன் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, நடுராத்திரின்னுகூடப் பார்க்காம ஃபோனை எடுத்தது?"

"நான்தான். வேற யாரு?"

கிளெனிஸ் நீளமாக மூச்சு விட்டாள். "பதினாலு மணி நேரமா உட்கார்ந்தே வந்து இடுப்பு போச்சு. கார் எங்க இருக்கு?"

ஐரீன் கையை நீட்டி அவளுடைய கோட்டுக் கையைப் பிடித்தாள். படியிறங்கும்வரை விடவில்லை. பெட்டி நெவிலின் பங்குக்கு வந்தது. அதில் போர்வை மட்டும் இருந்ததாகத் தெரியவில்லை.

காரின் பின்சீட்டில் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்ததில் அவருக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. முன்னால் இருவரும் வெங்காயத்தைப் பற்றிப் பேசினார்கள், கிளெனிஸுக்கு ஆகாதாம். ஐரீன் திரும்பாமலே ஒரு முறை முறைத்தாள். அதைப் பிடரியாலேயே செய்ய முடியும் அவளால். மேட்டுத் தெரு முழுக்க மன்னிப்புக் கேட்கலாமா, இறங்கிக்கொள்ளலாமா என்று அவர் கதவின் பிடியைத் தொடுவதும் விடுவதுமாக இருந்தார்.

"மொத்தம் எத்தனை ஜான் ஹிண்டில்?" என்றாள் ஐரீன் திடீரென்று.

"நெசவாளி மட்டுமா?"

"எல்லாரும்."

"ஏழெட்டுப் பேர் தேறுவாங்க."

"புதன்கிழமை நாங்க ரெண்டு பேரும் வர்றோம். ஒவ்வொருத்தனா நான் பார்க்கணும். நீ பக்கத்த மட்டும் திருப்பு, வாயத் திறக்காத."

"சரி" என்றார் நெவில். பெட்டிக்குப் பின்னாலிருந்து வந்ததால் அது கொஞ்சம் அழுகை மாதிரி கேட்டது.