நான்காம் மாதத்தில் ஒரு படையல்

மூட்டை தூக்கிய நாட்களில்கூட என் முதுகு இப்படி வலித்ததில்லை. சும்மா கிடந்ததில்தான் வலி குடியேறிவிட்டது. கப்பலில் சரக்கு இறக்கும் எங்கள் குழுவில் ஒருவனுக்குத் தொற்று வந்ததால், எல்லோரையும் அவரவர் வீட்டிலேயே அடைத்துவிட்டார்கள். கீலுங் துறைமுகத்தைப் பார்த்த மூன்றாம் மாடியில் நானும் என் மனைவியும் மட்டும். அவள் பெயர் சியோக் இன். கதவைத் திறக்கலாம், தாண்டக் கூடாது.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எங்கள் ஒரே மகன் போ ஜுய் போனான். கணவாய் மீன் பிடிக்கும் படகிலிருந்து அவனை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. உடல் கிடைக்கவில்லை. அதனால் சியோக் இன் அழவும் இல்லை. "எங்கயாச்சும் கரை ஏறியிருப்பான்" என்று வேளைக்கு வேளை அவனுக்கும் ஒரு கிண்ணம் சோறு போட்டு வைப்பாள். ஆறியதும் அதை நான் தின்பேன். தன் கிண்ணத்தில் அவள் நாலு வாய்க்கு மேல் எடுப்பதில்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. இவளும் போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு காலை, மடக்கு மேஜையைத் திறந்த கதவருகே, நிலைக்கு வெளியே தள்ளி வைத்தாள். பக்கத்தில் ஒரு பேசினில் தண்ணீர், புதுத் துண்டு. வருகிறவர்கள் முகம் கழுவ.

"என்ன இது?"

"படையல்."

"நாலாம் மாசத்துலயா? நல்லண்ணன்மார் ஏழாம் மாசம்ல வருவாங்க?"

பேய் என்ற சொல்லை எங்கள் ஊரில் யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள்; நல்லண்ணன்மார் என்றுதான் சொல்வோம்.

"கீழுலக வாசல் ஏழாம் மாசம்தான் திறக்கும், இப்ப பூட்டிக் கிடக்கு. யார் வந்து தின்பா?" என்றேன்.

"அதுக்குத்தான் இப்ப வைக்கிறேன். ஏழாம் மாசம்னா அத்தனை பேரும் முண்டியடிச்சுக்கிட்டு வருவாங்க. இவன் ஊரார் கல்யாண விருந்துலயே கடைசி மேஜை தேடிப் போறவன். இவனுக்கு என்ன மிஞ்சும்? தண்ணியில போனவங்களை அந்த வாசலுக்குள்ள விடமாட்டாங்களாம். வெளியிலயேதான் நிப்பாங்களாம். இப்ப வச்சா இவன் மட்டும் வருவான்."

தண்ணியில போனவங்க. அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை அன்றுதான் வந்தது.

கீழே நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் அகிம் அக்காவை ஜன்னலிலிருந்து கூப்பிட்டேன்.

"ஊதுபத்தியா? இந்த மாசத்துலயா? முதுகு வலி மூளைக்கு ஏறிடுச்சாடா உனக்கு?" என்று கத்தினாள். "ரோந்து வர்றவன் பாத்தா புடிச்சு அடைச்சிடுவான்!"

"அடைச்சுத்தானக்கா வச்சிருக்கான். இன்னும் எங்க கொண்டுபோய் அடைப்பான்?"

"யாருக்குடா?" என்றாள்.

மேலே என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கே புரிந்துவிட்டது. பிறகு நான் கயிற்றில் இறக்கிய வாளியில் நூடுல்ஸ், மீன் டின், பீர், ஊதுபத்தி எல்லாம் போட்டு அனுப்பினாள். காசு வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

சியோக் இன் பத்திகளைக் கொளுத்தி என்னிடம் நீட்டினாள். நான் கையை நீட்டவில்லை. பெற்றவன் பிள்ளைக்குப் பத்தி ஏந்தக் கூடாது. ஏந்தினால் அந்தப் பாவம் செத்தவன் தலையில்தான் விழும்.

"தெரியாதவனுக்கு வைக்கிற மாதிரி வை," என்றாள். "யாரோ ஒருத்தன். பசியோட வந்திருக்கான்."

தெரியாதவர்களுக்கு யாரும் வைக்கலாம். வாங்கினேன். அவர்களுக்கு வைக்கிற முறைப்படியே நூடுல்ஸ் கிண்ணத்தில் ஒன்று, மீனில் ஒன்று, சோற்றில் ஒன்று என்று குத்தி வைத்தேன்.

"வழியில போற அண்ணே, வந்து சாப்பிடுங்க" என்றேன். என் மகனை அண்ணே என்றும், வாங்க போங்க என்றும் கூப்பிட்டேன்.

பத்திகள் எரிந்து தீரும்வரை அவள் நிலைக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கிண்ணத்தை எடுத்து, சாம்பலை விரலால் ஒதுக்கிவிட்டு, "பாதி உனக்கு, பாதி எனக்கு" என்றாள். தின்னத் தின்ன அழுதாள். மூக்கு ஒழுக, துடைக்காமல் தின்றாள். கிண்ணத்தில் ஒரு இழை மிஞ்சவில்லை.

"முடிஞ்சதும் வழியனுப்பிடுங்க! இல்லேன்னா வீட்டுலயே தங்கிடும்!" என்று கீழிருந்து அகிம் அக்கா குரல் கொடுத்தாள்.

அனுப்புவதென்றால் காகித வீடு ஒன்று செய்து, பெயர் எழுதி, உள்ளே விளக்கேற்றித் துறைமுகத் தண்ணீரில் விட வேண்டும்.

"கதவைத் தாண்ட விடட்டும், போய் விளக்கு விடலாம்" என்றேன்.

"விடலாம்" என்றாள். பேசின் தண்ணீரை அவள் கொட்டவில்லை.

அடைப்பு நீங்கிக் கதவைத் தாண்ட விட்டார்கள். சில ஏழாம் மாதங்களும் வந்து போய்விட்டன. ஊரே விளக்கு விடும்போது, அவனை அனுப்ப மனமில்லாமல் நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம். இப்போது அவள் வயிறாரச் சாப்பிடுகிறாள். தண்ணீரில் விட வேண்டிய அந்த ஒரு விளக்கு மட்டும் போ ஜுய்க்கு நாங்கள் இன்னும் தீர்க்காத கடன்.