லைனிங்கில் பட்ட கறை

பள்ளிக்கூடம் திறக்கப் பதினைந்தே நாள். தையல்காரம்மாவின் மேசையில் தொண்ணூறு சட்டைகள் காலர் இல்லாமல் கிடந்தன. குண்டூசியை வாயில் கவ்வியபடி ஒன்றைத் திருப்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"எண்டோஸ்கோபி பிரிவுல இருந்து நர்ஸ் பேசறேம்மா. மறுபரிசோதனைக்கு மூணு தடவை தேதி குடுத்தோம். மூணையும் தள்ளிப் போட்டுட்டீங்களே?"

"சாதாரணப் புண்ணுதானேம்மா? யூனிபார்ம் சீசன் முடியட்டும், ஓடியா போயிடும்?"

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"புண்ணா? யார் சொன்னது?"

"என் வீட்டுக்காரர்தான்."

"நாளைக்குக் காலைல வாங்கம்மா. அவரையும் கூட்டிக்கிட்டு வாங்க."

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். ஓடும் பஸ்ஸில் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கும் குரல். மறுநாள் டாக்டர் அறையில் அந்தக் குரல் எங்கே போனதென்றே தெரியவில்லை. மின்விசிறியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உணவுக்குழாய்ல புற்றுநோய்ம்மா. ஆரம்ப நிலை. மூணு மாசம் முன்னாடியே தெரியும்" என்றார் டாக்டர்.

"யாருக்குத் தெரியும்?"

"அன்னைக்குக் குழாய் விட்டுப் பார்த்தப்ப நீங்க மயக்கத்துல இருந்தீங்க. சதைப் பரிசோதனை முடிவு வந்தப்பவும் உங்க வீட்டுக்காரர்கிட்டதான் சொன்னோம். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு அவர்தான் கேட்டுக்கிட்டார்."

"குழாய் விட்டது யார் தொண்டைல டாக்டர்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "தப்புதாம்மா."

வீட்டுக் கதவுக்குப் பூட்டு வாங்கினால்கூட அவளைக் கேட்டுத்தான் வாங்குவார் கண்டக்டர். அவள் உயிர் விஷயத்தில் மட்டும் அவளைக் கேட்கவில்லை. அவருடைய தம்பிக்குத் தெரியும், தங்கைக்குத் தெரியும், சீட்டாடும் கூட்டாளிகளுக்குக்கூடத் தெரியும். நோய்க்குச் சொந்தக்காரிக்கு மட்டும் தெரியாது!

"கேட்டா நீ இடிஞ்சு போயிடுவேன்னு..."

"முப்பது வருஷத்துல நான் எப்பங்க இடிஞ்சேன்? சரி, தேதியைத் தள்ளிப் போடறேன்னப்பவாவது வாயைத் திறந்தீங்களா?"

"திறந்தா காரணம் சொல்லணுமே..."

அவள் அவரை விட்டு டாக்டர் பக்கம் திரும்பினாள். "இப்ப என்ன செய்யலாம்? என்கிட்ட சொல்லுங்க."

"உணவுக்குழாயோட உள் அடுக்குல மட்டும் இருந்தா, வாய் வழியா குழாய் விட்டு அந்த அடுக்கை உரிச்சு எடுத்துடலாம். நெஞ்சைத் திறக்க வேண்டாம். ஆழமா இறங்கிட்டா பெரிய ஆபரேஷன்."

"கோட்டுக்குள்ள தைக்கிற லைனிங்ல பட்ட கறை மாதிரி. கோட்டுத் துணிக்கு ஊறலைன்னா லைனிங்கை மட்டும் பிரிச்சா போதும். அதானே?"

"அதேதாம்மா."

"இதுல புரியாம இடிஞ்சு போக என்ன இருக்கு?" என்றாள். கோபத்தோடு கணவரைப் பார்த்தாள்.

அந்த வாரமே மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். கறை முன்னைவிட அகலமாகியிருந்தது. நல்லவேளை, ஆழமாக இறங்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் உரித்தெடுத்தார்கள். எடுத்த துண்டின் ஓரங்களிலும் அடியிலும் நோய் இல்லை என்று அறிக்கை வந்தது. அதை நர்ஸ் அவள் கையில்தான் கொடுத்தாள். அவள் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கணவரிடம் நீட்டினாள்.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு இருவரும் காத்திருந்தார்கள். நர்ஸின் மேசையருகே நாற்பது வயதுக்காரர் ஒருவர் குனிந்து கிசுகிசுத்தார்: "அம்மாகிட்ட வெறும் புண்ணுன்னே சொல்லிடுங்க சிஸ்டர்."

கண்டக்டர் எழுந்தார். பழைய குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"தம்பி! நானும் இதே பொய்யைத்தான் சொன்னேன். மூணு மாசம் வீணாப் போச்சு. நோய் அவங்களோடது, அந்தச் சேதியும் அவங்களோடது. நாம மறைக்கிற ஒவ்வொரு நாளும், நோய்க்கு நாமளே டிக்கெட் கிழிச்சுக் குடுத்து உள்ளே ஏத்திவிடற நாள்!"

கடைசி பெஞ்சில் இருந்த அம்மாள் நிமிர்ந்தாள். "ஏம்ப்பா, எனக்கு என்ன?"

மகன் நர்ஸின் மேசையை விட்டு அம்மா பக்கம் திரும்பினார்.

"போய் பக்கத்துல உக்காந்து சொல்லுப்பா" என்றாள் தையல்காரம்மா. "கேக்கறாங்கல்ல?"