நீதிபதி நடந்து பார்த்த வயல்

தகராறில் இருந்த நிலத்தை நேரில் பார்க்க வந்த நீதிபதி தோன் செவெரினோ வரப்போடு நின்றுவிட்டார். வெள்ளை உடுப்பு, மணிலாவில் தைத்த பூட்ஸ். எதிரே முட்டளவு சேறு.

"யாராவது தூக்கிட்டுப் போங்கப்பா," என்றார்.

தொரோத்தேயோ முதுகைக் காட்டிக் குனிந்தான். அவன் அப்பா புல்காட்டை வெட்டித் திருத்திய நிலம் அது. பண்ணையார் தோன் பிரிமிதிவோ அதைத் தன் பெயரில் பதியக் கேட்கிறார். இவன் எதிர்த்து மனுப் போட்டிருக்கிறான். நீதிபதி ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் போதும், நிலம் தங்கிவிடும் என்று நம்பினான்.

நீதிபதி ஏறி உட்கார்ந்ததும் பிசுபிசுத்த கை அவன் கழுத்தை வளைத்தது. வறுத்த பன்றியின் நெய் வாடை. ஊரில் விடுதி கிடையாது. வருகிற நீதிபதிகளுக்குச் சாப்பாடும் படுக்கையும் தோன் பிரிமிதிவோ வீட்டில்தான்.

"பார்த்துத் தூக்கு, தொரோ!" பக்கத்து வயல் பஸ்தோரா கத்தினாள். "நேத்து வெட்டுன பன்னியையும் சேர்த்துல்ல தூக்குற!"

செவெரினோ இதே ஊர் வண்டிக்காரன் மகன்தான். சட்டம் படிக்கப் போனபோது ஊரே படகுத்துறைக்கு வந்து வழியனுப்பியது. ஸ்பானியர் நாளில் அவர்கள் கோர்ட்டில் எழுத்தர். புரட்சி வந்தது, குடியரசுக்குச் சட்டம் எழுதினார். அமெரிக்கர் வந்தார்கள், முதல் ஆளாகக் கை தூக்கி விசுவாசப் பிரமாணம் செய்தார். மூன்று கொடிக்கும் வளைந்தது ஒரே முதுகு.

"உங்கப்பன்கிட்ட பத்திரம் இருந்துச்சாடா?" காதோரம் ஏப்பத்தோடு கேள்வி வந்தது.

"இல்லீங்கய்யா. பயிர் இருக்கு. கீழ பாருங்க, கதிர் பிடிச்சு நிக்குது."

அவர் கீழே பார்க்கவில்லை. செருப்பைக் கையில் பிடித்தபடி பின்னால் வந்த குமாஸ்தாவிடம் திரும்பினார். "எழுதிக்கய்யா. நீதிபதி நிலம் முழுக்க நடந்து பார்த்தார். வெறும் புல். பயிர் வச்ச அடையாளமே இல்ல."

சுமக்கிறவனுக்குக் காது இருக்கும் என்றுகூட அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. தொரோத்தேயோ அப்படியே நின்றான்.

"ஏன்டா நிக்கிற?"

"நடந்து பார்த்ததா எழுதச் சொன்னீங்களேய்யா. நடங்க."

கைகளை விட்டான். சேறு நெஞ்சுவரை தெறித்தது. முகம் குப்புற விழாமலிருக்க, நீதிபதி இரண்டு கையாலும் நெற்கதிரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார்.

கோர்ட்டை அவமதித்ததற்கு முப்பது நாள் சிறை. நில வழக்கின் தீர்ப்பைக் கம்பிக்கு வெளியே நின்று வாசித்துக் காட்டினார்கள். நடந்து பார்த்தார், வெறும் புல், ஒரு சொல் மாறவில்லை.

அவன் வெளியே வந்த அன்று, அந்த வெறும் புல்லை அறுத்துக் களத்தில் அடித்துக்கொண்டிருந்தார்கள் தோன் பிரிமிதிவோவின் ஆட்கள்.