சோற்றுக்கு அழும் கண்

சாப்பிட உட்கார்ந்தால் என் இடது கண் அழும். உறைப்பினால் என்று நினைக்க வேண்டாம். வெறும் பாணுக்கும் அழும், பிஸ்கற்றுக்கும் அழும். முதல் வாயை மென்றதும் கன்னம் நனைந்துவிடும். வலது கண்ணோ, தனக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதுபோலச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்.

இதற்கெல்லாம் காரணம் ஓர் உண்ணி. தொண்ணூற்றைந்தாம் ஆண்டுக் கோடையில், என்னோடு பேக்கரியில் வேலை செய்த பஸ்ரியன் மீன் பிடிக்கலாம் வா என்று ஈரி ஏரிக்கரைக்கு, லோங் பொயின்ற் என்ற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். மீன் ஒன்றும் அகப்படவில்லை. எனக்கு முழங்காலுக்குப் பின்னால் சிவப்பாக ஒரு வட்டம் வந்ததுதான் மிச்சம். மனைவி தவமணி தைலம் பூசினாள். வட்டம் மறைந்தது, நாங்களும் மறந்துபோனோம். செப்டெம்பரில் ஒருநாள் பல் தீட்டும்போது வாயிலிருந்த தண்ணீர் தானாக வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் இடப்பக்கத்துப் பாதி முகம் கீழே இறங்கியிருந்தது.

அதற்குப் பிறகு வந்தவைதான் விசித்திரம். இன்று முழங்கால் வீங்கும். நாளைக்கு அது வற்றித் தோள்மூட்டு நோகும். தெரிந்த சொற்கள் வாய்க்கு வராது. கதவைக் கதவென்று சொல்ல நின்று யோசிப்பேன். எல்லாவற்றையும்விடக் கொடுமை சத்தம். ஒரு கரண்டி விழுந்தால் காதுக்குள் ஆணி அடித்ததுபோல இருக்கும். தவமணி மிக்ஸியைக் கட்டி மேல்தட்டில் வைத்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்காமல் குழாய்க்குக் கீழே துணி போட்டாள். குசுகுசுவென்று பேசப் பழகிக்கொண்டாள். ஊரை விட்டு வந்து நாங்கள் குடியிருந்த வோபர்னில், எங்கள் மாடியிலிருந்த மற்றவர்கள் எங்கள் வீடு காலியாகிவிட்டது என்றுகூட நினைத்திருப்பார்கள்.

இந்தக் கோலத்தில் நான் கிடக்கும்போதுதான் அவளுடைய அண்ணன் சிவபாதம் இறந்த செய்தி வந்தது. யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் ஒரே இரவில் வீடுவாசலை விட்டு வெளிக்கிட்ட அந்த ஐப்பசியில், நாவற்குழிப் பாலத்தடி நெரிசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தியவர் பிறகு எழும்பவில்லை. எங்களுக்குத் தெரியவந்தது மார்கழியில்.

தவமணி ரெலிபோனை வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். என் காதுக்காகத்தான். தன் சொந்த அண்ணனுக்கு வாய்விட்டு அழ அவளுக்கு வீட்டில் இடமில்லை. உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே லோன்றி றூமுக்குப் போய், மெஷின்கள் இரைகிற இரைச்சலில் நின்று அழுதிருக்கிறாள். அதே கட்டிடத்தில் இருந்த பஸ்ரியனின் மனைவி வேரோனிக்கா கண்டுவிட்டு, கூடைக்குள் ஒரு துணிகூட இருக்கவில்லை என்று என்னிடம் சொன்னாள். என் நோயின்மேல் எனக்கு அவ்வளவு வெறுப்பு வந்தது.

சிவபாதத்துக்கும் எனக்கும் கதை பேச்சு இல்லை. எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்று என் காலைக் கழுவவேண்டியவர் அவர். "உவன்ர காலை நான் கழுவமாட்டன்" என்று சொல்லிவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். கால் கழுவுகிற தோழனுக்கு மாப்பிள்ளை போடவேண்டும் என்று செய்வித்த மோதிரத்தை, அவருக்குப் பதிலாக நின்ற தவமணியின் சித்தப்பா மகன் ஒருவனுக்குப் போட்டேன். ஆள் செத்துப்போனதால் செய்தது சரியாகிவிடாது. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். எனக்குக் கவலை வரவில்லை. வராத கவலையை நடிக்கவும் தெரியாது. கோணிய முகத்தில் கவலை இல்லாதது ஒருவருக்கும் பிடிபடவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வாழைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டு என்னைத்தான் பார்த்தார்கள். "மச்சான்ர கவலை ஆளை இப்பிடிப் போட்டிட்டுது" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். செய்தி வருவதற்கு எத்தனையோ நாளுக்கு முன்பே கோணிய முகம் ஐயா இது என்று கத்தவேண்டும்போல இருந்தது. கத்தினால் எனக்குத்தான் காது நோகும். அவர்களில் ஒருவராவது சிவபாதத்தை நேரில் கண்டதில்லை. ஒரு தேத்தண்ணியோடு எழும்பிப் போய்விட்டார்கள். தவமணி தனித்துப்போனாள்.

தை மாதம் ஒரு புது டொக்டர், கோடையில் எங்கே போனாய் என்று கேட்டார். முழங்கால் வட்டத்தைப் பற்றிச் சொன்னேன். இரத்தம் எடுத்துப் பார்த்து, உண்ணி கடித்து வருகிற லைம் வருத்தம் என்று சொல்லிக் குளிசை தந்தார். காதும் மூட்டுகளும் ஆறின. சொற்கள் திரும்பி வந்தன. முகமும் முக்கால்வாசி நிமிர்ந்தது. உண்ணி கடித்து முகம் கோணிய முதல் யாழ்ப்பாணத்தான் நீதான் என்று பஸ்ரியன் பகிடி பண்ணினான்.

வைகாசியில் இந்தக் கண் தொடங்கியது. அன்றைக்கு இடியப்பமும் சொதியும். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன், கன்னத்தால் தண்ணீர் வழிந்தது. தவமணி அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணையை நினைச்சனீங்களோ?"

கன்னத்தைத் துடைத்தேன். வாயிலிருந்ததை விழுங்கினேன்.

அடுத்த கிழமை டொக்டரிடம் தனியாகப் போனேன். பழுதான நரம்பு திரும்ப வளரும்போது சிலவேளை வழி மாறிவிடுமாம். வாயில் எச்சில் ஊறச் செய்யவேண்டிய நரம்பு கண்ணுக்குப் போய்விட்டதாம். அரிதுதான், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

தவமணியிடம் சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். மேசையில் கணவாய்க் கறி இருந்தது. "அண்ணைக்குக் கணவாய் எண்டால் உயிர்" என்றாள். எனக்குப் போட்டுத் தந்துவிட்டுக் குசினிக்குள் நின்றபடி சாப்பிடுகிறவள், அன்றைக்கு எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என் கண் வழிய வழிய, அண்ணன் தன்னைச் சைக்கிள் பாரில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோன கதையைச் சொன்னாள். மழைக்குத் தன் சேர்ட்டைக் கழற்றி அவளுடைய புத்தகங்களை மூடினாராம். எத்தனையோ மாதம் குசுகுசுத்தவள் குரல் உயர்த்திப் பேசினாள். நான் எப்படிச் சொல்வேன்?

கோடை முழுக்க அப்படியே போனது. இறந்தவருக்குப் பிடித்ததெல்லாம் ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தது. தன் துக்கத்துக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது என்று அவள் நினைக்கிறாள் என எனக்குப் பட்டது. உள்ளதைச் சொல்லி ஆற எனக்குத்தான் ஒருவரும் இல்லை. அந்த மனிதனை நினைத்து உண்மையாகவே அழுது பார்ப்போமே என்று முயன்றேன். கல்யாணத்தன்று அவர் கழுவாத என் காலும் தண்ணீரோடு காத்திருந்த செம்பும்தான் ஞாபகத்துக்கு வந்தன.

ஆண்டுத் திவசம் வந்தது. "ஆரைக் கூப்பிடுறது? ஆருக்கு அவரைத் தெரியும்?" என்று சொல்லி, ஒருவரையும் கூப்பிடாமல் படத்துக்குப் படைத்துவிட்டு எனக்கு இலை போட்டாள். அந்தச் சோற்றில் கை வைத்துக்கொண்டு பொய்க் கண்ணீர் விட எனக்கு மனம் வரவில்லை.

"தவம், ஒண்டு சொல்லவேணும். இந்தக் கண் உம்மட அண்ணைக்கு அழேல்லை. வருத்தத்தால நரம்பு மாறி வளர்ந்திட்டுது. என்னத்தைச் சாப்பிட்டாலும் தானா வழியும்."

அவள் பருப்பு விட்டுக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"தெரியும்."

"என்னெண்டு?"

"பஸ்ரியன்ர பகிடிக்குச் சிரிச்சுச் சிரிச்சு மிக்சர் தின்னேக்கையும் அழுதியள். அண்ணைக்கு அழுற ஆள் அப்பிடியோ அழும்?"

"பின்னை ஏன் தவம் இவ்வளவு நாளும்..."

பருப்புச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"இந்த ஊரில அவருக்கெண்டு அழ வேற ஆர் இருக்கினம்? எனக்கு முன்னால ஒரு முகம் அழுதால் போதும் எண்டு இருந்தது. எதுக்கு அழுதால் என்ன."

எனக்குக் கோபமும் வந்தது, அவளை நினைக்க நெஞ்சும் நொந்தது. ஒரே மேசையில் இருந்துகொண்டு ஆளுக்கு ஆள் தெரியாமல் ஒரே விஷயத்தை ஒளித்திருக்கிறோம்.

"சோறு ஆறுது. சாப்பிடுங்கோ."

குழைத்து ஒரு வாய் வைத்தேன். இடது கண் தொடங்கியது. நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். வலது கண் காய்ந்துதான் இருந்தது. அதை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவள் எழும்பினாள். தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு என் இடப்பக்கம் வந்து, அந்தப் பக்கம் மட்டும் தெரிகிறமாதிரிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.