பசி தாங்காதவள்

ஆவி பறக்கும் சோறு இலையில் இருக்கிறது, அதன் முன்னால் நான், என் தங்கை உலகம்மை, மைத்துனர் பிரமநாயகம், மகள் மங்கையர்க்கரசி, வந்திருந்தவர்கள் அவ்வளவுதான், சுவரில் படமாக என் மனைவி ஆவுடையம்மாள், இன்று அவளுக்குப் பதினாறாம் நாள், இல்லை, அது நடந்து முப்பது வருடமாகிறது, கண்ணை மூடினால் இன்றுதான், மங்கை தன் அம்மாவுக்குப் பரிமாறிவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறாள், எழுந்திருக்கிறாள், ஏட்டி, இலை எடுக்குமுன்ன எங்க எந்திக்க என்று உலகம்மை கையைப் பிடிக்கிறாள், ஆய்வுக்கூடத்துக்கு அத்தை, செல்லுக்கு இன்னைக்கு நீர் மாத்தலன்னா செத்துரும், ஆளே போயாச்சு, இனி சாகதுக்கு என்ன இருக்கு என்கிறார் பிரமநாயகம், மங்கை என்னைப் பார்க்கிறாள், எங்கள் குடும்பத்தில் படையலின் நடுவே யாரும் எழுந்ததில்லை, நான் தலையை அசைக்கிறேன், போ. ஏன் என்று அவர்களிடம் சொல்லவில்லை, என் மனைவியின் வயிற்றிலிருந்து எடுத்ததைப் பற்றி நாலு பேர் நடுவே பேசுகிற வழக்கம் எனக்கு இல்லை.

அறுவைக்கு முந்தைய நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆவுடை காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறாள், மங்கை கேட்கிறாள், அம்மா, அந்தக் கட்டியில ஒரு துண்டு எனக்கு வேணும், வளத்து, எந்த மருந்துக்கு அடங்குதுன்னு பாக்கணும், எதுக்குட்டி, ஊறுகாய் போடவா என்று சிரிக்கிறாள், பிறகு, அது என்ன திங்கும், வெதுவெதுப்பா வச்சு ரெண்டு நாளைக்கொருக்கா சத்துநீர் ஊத்தணும்மா, மறந்துராத, எனக்குப் பசி தாங்காது, உங்கப்பாட்ட கேளு. உண்மைதான், சஷ்டி விரதத்தன்று அடுக்களையில் ஒளிந்து இட்லி தின்றவள், சட்னி வாசத்தில் கண்டுபிடித்தும் கண்டுகொள்ளாமல் இருந்தேன், அந்த வாசத்துக்கு இப்போது ஏங்குகிறேன், அவள் போனாள், துண்டு போகவில்லை, ஆய்வுக்கூடப் பாத்திரத்தில் பெருகியது, மங்கை பேராசிரியையானாள், பாத்திரத்துல கண்டத கட்டில்ல கிடக்கவங்களுக்குக் கொண்டு சேக்கதுதான்ப்பா என் வேலை என்பாள், ஒரு மருந்து பாத்திரத்தில் ஜெயித்து எலியில் தோற்றது, இன்னொன்று எலியில் ஜெயித்து மனிதரில் தோற்றது, ஆவுடையின் செல்களை அடக்கிய மூன்றாவது மருந்தில் பிழைத்த கோவில்பட்டிக்காரி ஒருத்தி பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வீட்டுக்கே வந்தாள், நான் அவள் நரைத்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஆவுடைக்கு நரை எந்தப் பக்கம் முதலில் விழுந்திருக்கும்.

இந்த மாதம் மங்கைக்கு ஓய்வு, வாங்கப்பா, ஒருக்கா பாத்துட்டு வருவோம் என்று கூட்டிப்போகிறாள், சூட்டுப்பெட்டியைத் திறந்ததும் வெதுவெதுப்பான ஆவி முகத்தில் படுகிறது, கண்ணாடி மங்குகிறது, துடைத்துக்கொண்டு குனிந்தால் நுண்ணோக்கியின் அடியில் ஒன்றோடொன்று சாய்ந்து நெருக்கியடிக்கும் கூட்டம், அவளா, அவதான்ப்பா, உறை மாட்டிய என் கையில் சத்துநீர்க் குப்பியைத் தந்து, கையைப் பிடித்து மங்கை சாய்க்கிறாள், சிவந்த நீர் இறங்குகிறது, நான் பரிமாறுகிறேன்.

தாயின் பதினாறில் மகள் இலையை விட்டெழுந்து வேலைக்குப் போனாள் என்று சொந்தத்தில் இன்றும் பேசுகிறார்கள். தவறு. தாய்க்குச் சோறு போடப் போனாள், அனுப்பியவன் நான்.