நடு இருக்கை

எங்கள் வீட்டு மனுசன் சோமசேகரத்துக்கும் பக்கத்து வீட்டுக் கந்தப்பு அண்ணைக்கும் மூன்று வருசமாகக் கதை பேச்சு இல்லை. இரண்டு பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது. இரண்டு பேரும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ரகம். நடுவில் அகப்பட்டவள் நான்.

சண்டை எங்கள் பழைய லொறியால் வந்தது. புத்தூரில் ஒரு கலியாண வீட்டில், பத்துப் பேருக்கு நடுவில், என் மனுசன் பகிடி விட்டார்: "கந்தப்பு கை வைச்ச எஞ்சினுக்குப் பிறகு கடவுள்தான் துணை." கந்தப்பு அண்ணை முப்பது வருசம் பஸ் டிப்போவில் எஞ்சின் திருத்திய ஆள். எங்கள் லொறியையும் சொந்தப் பிள்ளை மாதிரி அவர்தான் பார்த்துவந்தார். சாப்பிட்ட இலையை மடித்துவிட்டு எழும்பிப் போனவர், போனவர்தான். பகிடி விடத் தெரிந்த வாய்க்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை.

மாசி மாதம் அந்த லொறி வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு முற்றத்தில் படுத்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் எஞ்சின் வைத்தியர் இருக்க, என் மனுசன் போனில் தாய்லாந்துக்காரன் ஒருவனின் வீடியோவைப் பார்த்துத் தானே எஞ்சினைப் பிரித்தார். அவன் சொல்வதில் ஒரு சொல்லும் இவருக்கு விளங்காது. ஆனாலும் "ஓமோம்" என்று தலையாட்டுவார். கழற்றிய சாமான்கள் முற்றம் நிறைய வாழையிலையில் கிடந்தன. நான் உடுப்புக் காயப்போட இடமில்லாமல் கிணற்றடியில் நின்று கத்துவேன். யார் கேட்டார்கள்?

கந்தப்பு அண்ணையாலும் பொறுக்க முடியவில்லை. ஸ்பனர் திரும்புகிற சத்தத்தைக் கேட்டே பிழை பிடிக்கிற காது அவருக்கு. ஆனால் கதைக்க ஏலாது, ரோசம். அதனால் தகர வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தன் ஆட்டிடம் சொன்னார்.

"எடி சிவப்பி, எஞ்சின் தலையை ஓரத்திலையிருந்தே இறுக்கிறது? நடுவிலையிருந்தெல்லோ வெளியாலை போகவேணும். உனக்கே தெரியும், சிலபேருக்குத் தெரியேல்லை."

என் மனுசன் கேளாதவர் போல இன்னும் இரண்டு நட்டை முறுக்கினார். கொஞ்ச நேரத்தில் அத்தனையையும் தளர்த்திவிட்டு, நடுவிலிருந்து இறுக்கத் தொடங்கினார்.

"வீடியோவிலை இப்பிடித்தான் செய்யிறான்," என்றார் என்னிடம். நான் ஒன்றும் கேட்கவேயில்லை.

இப்படியே ஐந்து மாதம். எல்லாம் பூட்டி முடித்தும் எஞ்சின் பிடிக்கவில்லை. "குழாய்க்குள்ளை காத்து நிக்குது சிவப்பி. காத்தை எடுத்தால்தானே டீசல் வரும்," என்றது வேலி. இவர் காற்றை எடுத்தார். நாலாவது தரம் சாவியைத் திருப்ப, எஞ்சின் இருமி, தும்மி, பிடித்துக்கொண்டது. மனுசன் சின்னப்பிள்ளை மாதிரிக் குதித்தார். வேலிக்கு மேலே ஒரு நரைத்த தலை எழும்பி உடனே மறைந்தது. இவர் குதிப்பதை நிறுத்திவிட்டு அந்த வேலியையே பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு பெரிய வெற்றியைச் சொல்ல இவருக்கு ஆள் இல்லை. எனக்கு மனம் பொறுக்கவில்லை.

அன்று பின்னேரம் பூரணம் அக்கா வேலிக்கு மேலால் முருங்கைக்காய்க் கறி நீட்டினாள். கந்தப்பு அண்ணையின் மனைவி. ஆண்கள் கோபித்துக்கொண்டதற்காக நாங்கள் கறி மாற்றுவதை நிறுத்தவில்லை. கனடாவிலிருக்கும் மகள் சாருஜா தாய் தகப்பனைத் தன்னோடு கூப்பிட்டிருந்தாள். இன்னும் ஒன்பது நாளில் பயணம். போனால் போனதுதான்.

"நாகேசு, உதுகள் ரெண்டும் கதையாமல் பிரிஞ்சா இவர் அங்கை பனிக்குள்ளை இருந்து உதையே நினைச்சுக்கொண்டு கிடப்பார்," என்று அக்கா அழுதாள்.

இங்கே இருக்கப்போகிறவரும் அப்படித்தான் கிடப்பார் என்பது எனக்குத் தெரியும். ஒன்பது நாளுக்குள் இந்த இரண்டு வாயையும் திறக்க வைக்கவேண்டும் என்று இருவரும் முடிவெடுத்தோம்.

மறுநாள் காலை லொறியில் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு நீர்வேலியிலிருந்து எங்கள் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு வெளிக்கிட்டோம். திருத்தியபின் முதல் ஓட்டம். எங்கள் ஒழுங்கை பெரிய றோட்டில் ஏறுகிற இடத்தில் கந்தப்பு அண்ணை பையோடு பஸ்ஸுக்கு நின்றார். சூட்கேசுக்குப் பூட்டு வாங்கிவரும்படி பூரணம் அக்கா அவரைச் சரியான நேரம் பார்த்து அனுப்பியிருந்தாள்.

"ஏறுங்கோ அண்ணை, நாங்களும் திருநெல்வேலிக்குத்தான்," என்றேன்.

அவர் பஸ் வருகிற பக்கம் பார்த்தார். லொறியைப் பார்த்தார். எஞ்சின் சத்தத்துக்குக் காது கொடுத்தார். ஆசை வென்றுவிட்டது.

"நீ கேட்டதாலை ஏறுறன் நாகேசு. வேறை ஒருத்தருக்காகவும் இல்லை."

நான் நடுவுக்குத் தள்ளி இருந்தேன். இந்த லொறியின் எஞ்சின் நடு இருக்கைக்கு நேர் கீழே இருக்கிறது.

"நாகேசு, மூண்டாம் கியர் போடச் சொல்லு. எஞ்சின் கத்துது," என்றார் அண்ணை.

"இஞ்சாரும், எனக்குக் கியர் போடத் தெரியுமெண்டு சொல்லும்," என்றார் இவர். மூன்றாம் கியர் விழுந்தது.

"இப்ப சரி எண்டு சொல்லு."

"சரி எண்டு எனக்கும் தெரியுமெண்டு சொல்லும்."

நான் எதையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. நடுவில் ஒரு ஆள் முழித்துக்கொண்டிருந்தால் போதும். மூன்று வருசம் தபால்காரி வேலை பார்த்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது: நான் நடுவில் இருக்கும்வரைக்கும் இவர்கள் கதைக்கப்போவதில்லை. ஓடுகிற லொறியிலிருந்து குதிக்க முடியுமா? கண்ணை மூடித் தலையைச் சரித்தேன். குறட்டையும் விட்டேன்.

உள்ளே ஒரு சத்தம் இல்லை. நித்திரை கொள்கிறவளிடம் சொன்னால் அது நேரே மற்றவருக்குச் சொன்னதாகிவிடும் அல்லவா? அவர்களின் சட்டம் அப்படி.

கோப்பாய் தாண்டியபோது எனக்குக் கீழே இருக்கை சூடேறியது. முதலில் இளஞ்சூடு. பிறகு இடியப்பத் தட்டில் குந்தியிருப்பது போல. ஒரு கண்ணை நூல் அளவு திறந்து பார்த்தேன். வெப்பம் காட்டுகிற ஊசி சிவப்புக் கோட்டைத் தொடப் பார்த்தது. சாரதி அதைக் கவனிக்கவேயில்லை. நெஞ்சை நிமிர்த்தி றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு சொல் சொன்னால் போதும், நிறுத்திவிடுவார். ஐந்து மாதம் அந்த மனுசன் பட்ட பாடு எனக்குத் தெரியாதா? சொல் தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டுக் கண்ணை மூடினேன். எஞ்சின் எரிந்தால் இன்னொரு எஞ்சின் தேடலாம். இன்னொரு கந்தப்பு அண்ணைக்கு இந்த மனுசன் எங்கே போவார்?

"நாகேசு," என்றார் அண்ணை. நான் குறட்டை விட்டேன்.

"நாகேசு, எழும்பு பிள்ளை." பையால் என் கையை இடித்தார். நான் இன்னும் பலமாகக் குறட்டை விட்டேன்.

அவர் பல்லைக் கடிப்பது கேட்டது. சுட்ட இரும்பு மணம் மூக்கில் ஏறியது. புடவை பற்றிவிடுமோ என்று பயந்தும் குறட்டையை நான் நிறுத்தவில்லை.

"டேய் சோமு! நிப்பாட்டடா மடையா! எஞ்சினை எரிக்கப் போறியோ?"

லொறி ஓரத்தில் ஏறி நின்றது. வாழைக்குலைகள் பின்னால் தடதடவென்று சரிந்தன. எஞ்சின் அணைந்தது. இரண்டு கதவும் திறந்தன. இரண்டு பேரும் இறங்கி முன்பக்கம் குனிந்து பார்த்தது காலடிச் சத்தத்தில் தெரிந்தது.

"குழாய்க் கிளிப்பை இறுக்கேல்லை நீ. தண்ணி முழுக்க றோட்டிலை போட்டுது."

"அந்தத் தாய்லாந்துக்காரன் உதைச் சொல்லேல்லையடா."

"நான் சொல்லியிருப்பன்."

"நீதான் கதைக்கேல்லையே."

"நீ கேட்டனியே?"

 ஒரு பஸ் கடந்துபோனது. அதன் சத்தம் அடங்கியபிறகுதான் என் மனுசனின் குரல் வந்தது.

"அண்டைக்கு நான் சொன்னது பிழைதான்ரா."

முப்பத்தெட்டு வருசக் குடித்தனத்தில் இந்த வாயிலிருந்து அப்படி ஒரு வசனத்தை நான் கேட்டதில்லை.

"சரி சரி. தண்ணி மூடியிலை கை வையாதை, ஆறட்டும்," என்றார் கந்தப்பு அண்ணை. 

"எயாப்போட்டுக்கு எப்பிடிப் போறியள்?"

"வாடகைக்கு ஒரு வான் பிடிச்சாச்சு."

"வான் வேண்டாமெண்டு சொல்லு."

அண்ணையின் செருப்புச் சத்தம் லொறியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. 

"உதிலையோ? அவ்வளவு தூரம் கட்டுநாயக்காவுக்கோ?"

"உதிலைதான்."

"அப்ப வோட்டர் பம்பையும் கழட்டிப் பாக்கவேணும். எட்டு நாள்தான் கிடக்கு."

"இவளை எழுப்பட்டோ? இருக்கையைத் தூக்கினால்தானே எஞ்சினைப் பாக்கலாம்."

"விடடா, படுக்கட்டும் பாவம். எஞ்சின் ஆற அரை மணித்தியாலம் எடுக்கும்."

அரை மணித்தியாலமும் அவர்கள் றோட்டோர வேலி ஒன்றின் நிழலில் நின்று கதைத்தார்கள். ஒருவர் முடிக்க முன் மற்றவர் தொடங்கினார். நடுவில் இரண்டு தரம் சிரித்தார்கள். எனக்குக் கீழே இருக்கை கொதித்தது. சந்தோசத்தில் கண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. துடைத்தால் முழித்திருக்கிறேன் என்று தெரிந்துவிடும். அப்படியே விட்டுவிட்டுக் குறட்டையைத் தொடர்ந்தேன்.