மேலடுக்கு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் ஆறு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பிரவுசிங் சென்டர் நடத்துகிற பொம்பளைக்கு வாய் இல்லாவிட்டால் கதை கந்தலாகிவிடும். அந்த வாய்தான் 2007 ஜூன் மாதம் ஒரு நாள் அனுசுயா மேல் பாய்ந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அனுசுயா காமயகவுண்டன்பட்டிப் பிள்ளை. பிளஸ் டூ முடித்து, இங்கே காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இடம் வாங்கியிருந்தாள். சேர்க்கைப் படிவத்தில் அப்பா கையெழுத்துப் போட்டு, அன்று ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். பொம்பளப் பிள்ளைக்கு அதெல்லாம் எதற்கு என்று பெரியப்பாமார் முட்டுக்கட்டை போட்டிருந்தார்கள். அப்பா சின்னச்சாமி திராட்சைத் தோட்டக்காரர். அந்த மெசினை நானே ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்று மகளோடு மாடியேறி வந்துவிட்டார்.

செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். எனக்கு அந்த மனுஷனைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. "வாங்கண்ணே" என்று மகளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டேன்.

"எதக் கேட்டாலும் காட்டுமாம்ல. நம்ம பொம்பளப் பிள்ளைகளக் காட்டுமா?" என்றார்.

"காட்டும்ப்பா" என்று அனுசுயா குஷியாகப் படம் தேடும் பக்கத்தில் 'தமிழ் கேர்ள்ஸ்' என ஆங்கிலத்தில் தட்டினாள்.

பக்கம் திறந்தது. அரைகுறை உடுப்போடும் அதுகூட இல்லாமலும் வரிசையாகப் பெண்கள். கீழே வாயால் சொல்ல முடியாத எழுத்துகள். சின்னச்சாமி எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. நான் பாய்ந்துபோய்த் திரையை அணைத்தேன்.

"அடியே, என்னத்தத் தட்டித் தொலைச்ச? இதுக்குத்தான் தெனமும் இங்கன வந்து உக்காந்தியா?"

பெற்ற தகப்பன் முன்னால் கேட்டேன். அனுசுயா அழவில்லை. "ரெண்டே வார்த்ததான்க்கா தட்டுனேன்" என்றாள்.

அவர் மகளைத் திட்டவில்லை. படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "எந்திரி ஆத்தா, பஸ்ஸு போயிரும்" என்றார்.

திரையை மறுபடி போட்டுப் பார்த்தேன். அவள் சொன்ன இரண்டு வார்த்தைதான் இருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். 'அசிங்கமான படம் பார்க்காதே' என்று பையன்களுக்காகச் சுவரில் எழுதி ஒட்டியவள் நான். நம் பிள்ளைகள் என்று சும்மா கேட்டால் இந்தக் கண்றாவி வருமென்று எனக்கே தெரியாது.

"அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஒரு நிமிசம் நில்லுங்க."

தமிழ்ப் பையன்கள் என்று தட்டினேன். பள்ளிக்கூடச் சீருடை, கிரிக்கெட் கோப்பை. அமெரிக்கப் பெண்கள் என்று தட்டினேன். பொம்மையோடு குழந்தைகள், சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள். ஆப்பிரிக்கப் பெண்கள் என்று தட்டினேன். மறுபடியும் அதே அசிங்கம். சட்டென்று மூடினேன்.

"பாத்தீகளாண்ணே? ஆம்பளப் பிள்ளையக் கேட்டா பள்ளிக்கூடம். வெள்ளத்தோலு பிள்ளையக் கேட்டா பொம்ம. கறுத்த பொம்பளப் பிள்ளையக் கேட்டா மட்டும் இந்தப் புத்தி. உங்க மக மேல ஒரு தப்பும் இல்ல. நாந்தான் யோசிக்காம வஞ்சுட்டேன்."

அவர் குரல் இறங்கிவிட்டது. "நல்லபடியா ஒரு பிள்ளகூடவா இல்ல தங்கச்சி?"

அவரைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, அனுசுயா தட்டிய இரண்டு வார்த்தையையே மறுபடி தட்டிப் பக்கம் பக்கமாகத் தள்ளினேன். ஒன்பதாம் பக்கத்தில் கோ-கோ விளையாடும் பிள்ளைகளின் டீம் ஒன்று இருந்தது. எண்ணெய் வைத்த ரெட்டைச் சடை, வியர்த்த முகம். அதை மட்டும் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"பழப்பெட்டி அடுக்குற கணக்கால்ல இருக்கு" என்றார். "கோட்டயத்து ஏவாரி மூடியத் தொறந்தா, மொதல்ல அவுக கண்ணுக்குப் பிடிச்ச திராட்சக் கொலதான் தெரியணும். மேலடுக்க நானே பாத்துப் பாத்து வைப்பேன். வாங்குறவன் ஆசைக்குத் தக்கனதான் மேலடுக்கு. அதப் பாத்துத் தோட்டமே இப்பிடின்னு சொல்லிற முடியுமா?"

"முடியாதுண்ணே."

"இத அடுக்குறது யாரு?"

"அமெரிக்காவுல பெரிய படிப்புப் படிச்ச ஆளுகண்ணே."

"அவுகள்ல பொம்பளப் பிள்ளைக இருக்காகளா? நம்ம நெறத்துல?"

"ரொம்பக் கொஞ்சம்."

அவர் பையிலிருந்து படிவத்தை எடுத்து, என் மேசையில் வைத்து மடிப்பை உள்ளங்கையால் நீவினார். என் பேனாவை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். பெரியப்பாமார் என்ன சொல்வார்களோ என்று நான்தான் பயந்தேன். அவர் முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

"நீ போயி அடுக்கு ஆத்தா" என்றார்.

நான் அத்தனை பேச்சுப் பேசியும் அழாத பிள்ளை அப்போதுதான் அழுதது. தேம்பித் தேம்பி மேசை மேலேயே கவிழ்ந்துவிட்டாள்.

"ஏத்தா, மை கலைஞ்சிரும்" என்று பதறி, ஒரு கையால் படிவத்தை உயரத் தூக்கிக்கொண்டு, மறு கையால் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.